பெத்தாவின் மொழியும் மூன்று வயதுப் பிள்ளையும்

சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைகளுக்கும் அம்மா அப்பாமாருக்கும் சேர்த்து மாண்டரின் விளையாட்டுக் குழுக்கள் நடக்குது. கிழமைக்கு ஒருக்கா ஓரிடத்தில் கூடுவாங்க. பாட்டு, கதை, களிமண், கொஞ்சம் தீனி, எல்லாம் மாண்டரினில். அவ்வளவுதான். ஆனா அந்த நாட்டில் நாலு பேருக்கு மூன்று பேர் சீனர்கள். சீனப் பிள்ளைக்குச் சீனம் பழக்க எதுக்குத் தனியா ஒரு குழு?

இந்தக் கேள்வியை வாகரையில இருந்து யோசிக்கக்குள்ள எங்களுக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. இங்க கரையோரத்தில் வாழுற வேடர் குடும்பங்கள் இண்டைக்குத் தமிழ்தான் கதைக்கிறாங்க. அவங்கட முன்னோரின் பேச்சு எந்த வழியால போனது? ரெண்டு கதைக்கும் சம்பந்தம் இருக்குது எண்டு நினைக்கிறோம்.

முதல்ல சிங்கப்பூர். மாண்டரின் அங்குள்ள சீனர்களின் பாட்டன் பூட்டன் மொழி இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் தென்சீனக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். ஹொக்கியன், தியோச்சூ, கன்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் எண்டு வீட்டுக்கு வீடு வேற மொழி. ஹொக்கியன் மட்டும் தெரிந்தவருக்கு மாண்டரின் விளங்காது. ஆனாலும் அரசு இதுகளுக்கு வைத்த பெயர் 'கிளைமொழி'. 1979 செப்டெம்பரில் பிரதமர் லீ குவான் இயூ 'மாண்டரின் பேசுவோம்' இயக்கத்தைத் தொடக்கினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நின்றன. ஹொங்கொங்கில் இருந்து வந்த கன்டனீஸ் நாடகங்களுக்குக்கூட மாண்டரின் குரல் கொடுக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் இன்னொரு மொழி சுமை எண்டு பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

பெற்றோர் அதைக் கேட்டாங்க. 1980-இல் முதலாம் வகுப்புக்கு வந்த சீனப் பிள்ளைகளில் சுமார் 64 வீதமானோர் வீட்டில் கிளைமொழி பேசினவர்கள். 1989-இல் அது சுமார் 7 வீதம். ஒன்பதே வருசம்! பெரியவங்க யாரும் ஹொக்கியனை மறக்கவில்லை. சந்தையில், கோயிலில், தங்களுக்குள்ள அதையேதான் கதைச்சாங்க. பிள்ளையின் பக்கம் திரும்பினால் மட்டும் மொழியை மாத்திக்கொண்டாங்க. ஒரு மொழியை முடிக்க அது போதும். ஒரே மேசையில் சோறு தின்னுற பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையில் ஒரு பொது மொழி இல்லாமல் போனது.

கதை அதோட நிக்கல்ல. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாய் தகப்பன் ஆனதும் தங்கட பிள்ளைகளிட்ட ஆங்கிலம் கதைச்சாங்க. 2010 குடித்தொகைக் கணக்கில் வீட்டில் கூடுதலாக மாண்டரின் பேசுறவங்க 35.6 வீதம், ஆங்கிலம் 32.3. 2020-இல் மாண்டரின் 29.9-க்கு இறங்கியது, ஆங்கிலம் 48.3-க்கு ஏறியது. அதே லீ குவான் இயூ 2011-இல் பாலர்களின் இருமொழிக் கல்விக்கெண்டு தன் பெயரில் ஒரு நிதியத்தைத் தொடக்க வேண்டி வந்தது. பாட்டியின் மொழியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த மொழிக்கே நாற்பது வருசத்துக்குள்ள பாயும் பொம்மையும் விரிச்சு விளையாட்டுக் குழு நடத்த வேண்டியிருக்கு. (அதே 2020 கணக்கில் வீட்டில் தமிழ் கூடுதலாகப் பேசுறவங்க 2.5 வீதம். அது அந்நாட்டின் ஆட்சி மொழிகளில் ஒன்று. சட்டத்தில் இருக்கிற மொழி வீட்டிலயும் இருக்கும் எண்டில்லை.)

விளையாட்டுக் குழு எண்ட யோசனை மொழிக்காகப் பிறந்ததில்லை. 1941-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில், ஆண்கள் போருக்குப் போன நேரம், தாய்மார் சிலர் சேர்ந்து பிள்ளைகளை முறை வைத்துப் பார்க்கத் தொடங்கினாங்க. 1961-இல் லண்டனில் பெல் டூட்டேவ் எண்ட தாய், மகளை விட ஒரு பாலர் பாடசாலை கிடைக்காமல் தானே ஒரு குழுவை நடத்தி, அதைப்பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, பிரித்தானியா முழுக்கக் குழுக்கள் பரவின. வேல்சுக்காரர்தான் இதை மொழிப் பக்கம் நல்லாத் திருப்பினாங்க. 1971-இல் வேல்சு மொழியில் நடக்கிற பாலர் குழுக்களுக்கு ஒரு இயக்கம் அமைந்தது. கைக்குழந்தையோட தாய் தகப்பனும் வந்து இருக்கிற குழுவுக்கு அவங்க வைத்த பெயர் 'டி அ வி'. 'நீயும் நானும்' எண்டு அர்த்தம். பிள்ளையை விட்டுட்டுப் போற இடம் இல்லை அது. வேல்சு தெரியாத தாயும் பிள்ளையோட சேர்ந்து பழகுற இடம்.

மாவோரி மக்களின் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. 1913-இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் 90 வீதம் பேருக்குத் தாய்மொழி தெரியும். 1975-இல் 5 வீதத்துக்கும் குறைவு. இடையில் பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசினதுக்கு அடி வாங்கின ஒரு தலைமுறை இருந்தது. தான் பட்டதைத் தன் பிள்ளை படக்கூடாது எண்டு அந்தத் தலைமுறை வீட்டில் ஆங்கிலம் பேசியது. 1982-இல் வெலிங்டனுக்குப் பக்கத்தில் முதல் 'கோஹங்கா ரியோ' திறந்தது. மொழிக்கூடு எண்டு சொல்லலாம். வேலை சின்னது: மொழி தெரிந்த கிழவிமார் பிள்ளைகளோட இருந்து, கஞ்சி கொடுக்கிறதிலிருந்து நித்திரையாக்கிறது வரை மாவோரி மட்டும் கதைப்பது. 1994-இல் 800 கூடுகள், 14,000 பிள்ளைகள். பிறகு எண்ணிக்கை இறங்கியதும் உண்மை. ஆனால் பேச்சை மறந்த நடுத் தலைமுறையைத் தாண்டி, பெத்தாவிடமிருந்து நேரா பேரப்பிள்ளைக்கு மொழி போகலாம் எண்டதை அவங்க செய்து காட்டிட்டாங்க.

இனி வாகரை. கடலுக்கும் களப்புக்கும் காட்டுக்கும் நடுவில் கிடக்கிற பிரதேசம். மீனும் தேனும் சேனையுமாக வாழ்ந்த வேடர் குடிகள் வாகரையிலிருந்து வெருகல், மூதூர்ப் பக்கம் வரைக்கும் இருக்காங்க. செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இந்தக் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் உண்டு. தமிழரோட கலந்து வாழுறவங்க எண்டு அப்பவே எழுதியிருக்காங்க. குடித்தொகைக் கணக்கைப் பார்த்தால், இலங்கை முழுக்க 1946-இல் வேடர் சுமார் 2,400 பேர், 1963-இல் சுமார் 400. பதினேழு வருசத்தில் இவ்வளவு பேர் செத்துப்போகவில்லை. பதிவில் சிங்களவராகவும் தமிழராகவும் மாறினாங்க.

வாகரையில் அவங்க மாறினது தமிழுக்குள்ள. இதை எழுதக்குள்ள கை கொஞ்சம் தயங்குது. சிங்களம் எங்கட மொழியை விழுங்கப் பார்க்குது எண்டு மூன்று தலைமுறையாகப் பேசுற சமூகம் நாங்க. ஆனா இந்தக் கரையில் பள்ளிக்கூடமும் சந்தையும் கச்சேரியும் தமிழ். 'வேடர்' எண்டதை ஏச்சாகச் சொன்னதும் தமிழ் வாய்தான். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் அடிக்கவும் தேவைப்படல்ல. பிள்ளைக்கு மரியாதை கிடைக்கட்டும் எண்டு ஒரு தாய் தமிழில் கூப்பிட்டிருப்பாள். சிங்கப்பூர்த் தாய் செய்ததும் அதேதான். பிறகு 2004 சுனாமி, 2006-07 இடப்பெயர்வு. முகாம்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் உயிரோடு இருந்ததே பெரிய விசயம். மாலையில் கூடியிருந்து கதை சொல்ல ஆருக்கு மனம் வரும்?

மிச்சம் இருக்கிறது சடங்கில். கப்பல் தெய்வங்களையும் குமார தெய்வத்தையும் அழைக்கிற பாட்டுகளில், மந்திரங்களில், எங்கட தமிழுக்குள் அடங்காத சொற்கள் வருது. ஆராய்ச்சிக்காரர் அதைப் பதிவு செய்யுறாங்க. நல்ல விசயம்தான். ஆனால் ஒலிப்பதிவு ஒரு பிள்ளையோட கதைக்காது.

மாவோரிக்கு அந்த மொழி சரளமாக வந்த கிழவிமார் இருந்தாங்க. வாகரையில் வீட்டுப் பேச்சாக அது இல்லை. அதனால இங்க ஒரு மொழிக்கூடு அப்படியே எடுத்து வைக்க ஏலாது. ஆனா ஒரு 'நீயும் நானும்' முடியும் எண்டு நினைக்கிறோம். பெத்தாவும் தாயும் பிள்ளையும் ஒரு மரநிழலில், கிழமைக்கு ஒரு காலை. தேன் எடுக்கிற விதம், கிழங்கின் பெயர், மீனின் பெயர், பாட்டு. இருக்கிற தமிழில் தொடங்கலாம், பழைய சொல் வருகிற இடத்தில் பழைய சொல். அதைத் தொடங்க வேண்டியது அந்த ஊர்த் தாய்மார். வெளியிலிருந்து பெயர்ப்பலகையோடு வருகிற திட்டம் எண்டா, காசு முடியிற அண்டைக்கு பாயையும் சுருட்டிக்கொண்டு போயிடும். பல்கலைக்கழகத்திலிருந்து குறிப்புப் புத்தகத்தோடு போகிற எங்களுக்கும் இது பொருந்தும்.

சடங்கில் மட்டும் கேட்கிற சொற்களில் எது ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்கு வரலாம் எண்டு பெத்தாமார்தான் தீர்மானிக்கணும். சில சொற்கள் தெய்வத்துக்கு மட்டும் எண்டு அவங்க சொன்னால், அந்தச் சொற்கள் அங்கேயே இருக்கட்டும். தேனின் பெயரிலிருந்து தொடங்கலாம்.