வயிற்றில் பை... என்ன சாப்பிடலாம், எப்படி சமாளிக்கலாம்? கொலோஸ்டமி செய்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

பெருங்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்துக் காயம் எனப் பல காரணங்களுக்காக கொலோஸ்டமி அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. வீடு திரும்பியதும் பலர் முதலில் குறைப்பது சாப்பாட்டைத்தான். 'சாப்பிட்டாத்தானே பை நிறையும்' என்ற பயம்தான் காரணம். ஆனால் பட்டினி கிடந்தாலும் குடலில் வாயு சேரும். கூடவே உடல் பலவீனமாகி, காயம் ஆறுவதும் தாமதமாகும்.

கொலோஸ்டமி என்றால் என்ன?

பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அந்தத் திறப்புதான் ஸ்டோமா. அதன் வழியே மலம் பையில் சேரும். ஸ்டோமா வாயின் உட்புறம்போல சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. மலத்தை அடக்கும் தசை அங்கே இல்லாததால்தான் பை தேவைப்படுகிறது. சிலருக்கு இது தற்காலிகம், சிலருக்கு நிரந்தரம்.

என்ன சாப்பிடலாம்?

முதல் சில வாரங்கள் குடலில் வீக்கம் இருக்கும். அதுவரை இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், ரசம், மோர் போன்ற எளிதில் செரிக்கும் உணவுகள் நல்லது. காயம் ஆற முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவுகளும் வேண்டும்.

பிறகு பழைய சாப்பாட்டுக்கு மெல்ல திரும்பலாம். ஒரு நேரத்தில் ஒரு புது உணவை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒத்துக்கவில்லையா? சில வாரம் கழித்து மறுபடி முயற்சி செய்யலாம். நிரந்தரமாக ஒதுக்க வேண்டியதில்லை.

* வாயு அதிகமாக்குபவை: முட்டைக்கோஸ், மொச்சை, கொண்டைக்கடலை, வெங்காயம், சோடா
* வாடை கூட்டுபவை: முட்டை, மீன், பூண்டு
* வாடையைக் குறைக்க சிலருக்கு உதவுபவை: தயிர், மோர், புதினா
* மலம் இளகினால்: சாதம், கனிந்த வாழைப்பழம்
* மலச்சிக்கல் என்றால்: தண்ணீர், பப்பாளி, கீரை

பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவப்பாக வரலாம், பதற வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுவதும், நன்றாக மென்று விழுங்குவதும் முக்கியம். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டர் சொன்ன உணவு முறையையே பின்பற்ற வேண்டும்.

பையை எப்படிக் கையாள்வது?

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். முழுக்க நிறைய விட்டால் பாரத்தில் பிய்த்துக்கொள்ளும். பை மாற்ற, காலையில் சாப்பிடுவதற்கு முந்தைய நேரம் வசதியானது. சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், க்ரீம் தடவினால் பை ஒட்டாது. அறுவைக்குப் பிறகு ஸ்டோமா சுருங்கும் என்பதால், அவ்வப்போது அளவெடுத்து அதற்கேற்ப பையின் ஓட்டையை வெட்ட வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும்.

வெளியே போகலாமா?

தாராளமாக! 1954ல் டென்மார்க்கைச் சேர்ந்த எலிஸ் சோரன்சன் என்ற நர்ஸ் யோசித்ததும் இதைத்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளியே போகவே பயந்த தன் தங்கைக்காக அவர் யோசித்ததுதான் ஒட்டும் வசதியுள்ள பை. இன்றைய பைகளுக்கு முன்னோடி அதுதான்.

காயம் ஆறியதும் வேலை, பயணம், தாம்பத்தியம் எல்லாவற்றுக்கும் டாக்டர் ஆலோசனையோடு திரும்பலாம். பையோடு குளிக்கலாம். புடவை, வேட்டிக் கட்டு ஸ்டோமாவை அழுத்தாமல் இருந்தால் போதும். பயணத்தில் மாற்றுப் பையை கையோடு வைத்திருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் தண்ணீர்க் குடம், சிலிண்டர் போன்ற பாரம் தூக்கக் கூடாது. ஸ்டோமா அருகே குடலிறக்கம் வரலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

* ஸ்டோமா கறுத்தால் அல்லது ஊதா நிறமானால்
* ரத்தக் கசிவு நிற்காவிட்டால்
* வயிற்று வலி, வாந்தியோடு மலமும் வாயுவும் நின்றுபோனால்

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. தனித் தட்டு, தனிச் சமையல் என ஒதுக்கினால் பயம்தான் கூடும். எல்லோரோடும் உட்கார்ந்து அதே குழம்பு, அதே பொரியல் சாப்பிடும் நாள்தான் உண்மையில் குணமாகும் நாள்.