மூன்று சொற்கள் அழிக்கப்பட்டபோது

விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்கள் புதுவை மக்களாகிய நமக்குப் புதியவை அல்ல. ஆண்டுதோறும் சூலை 14-ஆம் நாள் அவற்றை நினைவுகூர்கிறோம். அச்சொற்களை அவை பிறந்த மண்ணிலேயே அழித்த ஓர் அரசு இருந்தது என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1940 சூனில் இட்லரின் படைகளிடம் பிரான்சு வீழ்ந்தது. விஷி நகரில் அமைந்த மார்ஷல் பெத்தேனின் அரசு, குடியரசு என்ற பெயரையே நீக்கியது. உழைப்பு, குடும்பம், தாயகம் என்பவை புதிய முழக்கங்களாயின. கிறிஸ்தவச் செவிக்கு இனிய சொற்கள்தாம்! ஆயர்கள் பலரும் அவ்வரசை வாழ்த்தினர். வகுப்பறைகளில் பெத்தேனின் படம் தொங்கியது. சிறுவர் அவர் புகழைப் பாடினர். அதே ஆண்டு அக்டோபரில் யூதரை அரசுப் பணிகளிலிருந்து விலக்கும் சட்டம் பிறந்தது. 1942 சூலையில், பாரிசில் இரண்டே நாட்களில் ஏறத்தாழ 13,000 யூதர் கைதாயினர். அவர்களுள் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கைது செய்தது பிரெஞ்சுக் காவல்துறையே. 1943-இல் தோன்றிய மிலீஸ் என்னும் படை சித்திரவதையால் மக்களை நடுங்கச் செய்தது. அதன் செயல்களை வானொலியில் நாவன்மையோடு நியாயப்படுத்தினார் பிலிப் ஆன்ரியோ. இனிய சொல் மனச்சான்றை உறங்க வைத்தது. உறங்க மறுத்தோரின் வாயை அச்சம் அடைத்தது.

புதுவையின் நிலை என்ன? 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன், இலண்டனிலிருந்து அறைகூவல் விடுத்த தெ கோலின் பக்கம் சேர்ந்தார். நிலப்புறமெங்கும் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்திருந்ததும் அம்முடிவுக்கு ஒரு காரணமே. அம்மூன்று சொற்களின் முழுப்பொருள் குடியேற்ற ஆட்சியில் நம் முன்னோருக்குக் கிட்டியதுமில்லை. உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் 1936 சூலை 30-இல் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும் விஷியின் சட்டங்கள் நம் ஊரை ஆளவில்லை. அவை ஆண்ட இந்தோசீனாவின் சைகோனிலோ, புதுவைத் தமிழர் பலர் வாழ்ந்து வந்தனர்.

1942 ஆகஸ்டு 23, ஞாயிறு. துலூஸ் மறைமாவட்டக் கோவில்களில் பேராயர் சலியேழின் மடல் வாசிக்கப்பட்டது. யூதரும் மனிதரே, நம் உடன்பிறப்புகளே என்று அது அறிவித்தது. அரசு அதிகாரி தடுத்தும் பங்குக் குருக்கள் பெரும்பாலோர் அதனை வாசித்தனர். நோயால் நாத்தளர்ந்திருந்த முதியவர் ஒருவரின் சொற்கள் அவை.

குடும்பம், தாயகம் என்று நம் நெஞ்சுக்கு நெருங்கிய சொற்களைச் சொல்லி ஓர் அரசு நம்மை அழைக்கும்போது, அச்சொற்களால் வெளியே தள்ளப்படுவோர் யார் என்று கேட்க நாம் கற்றிருக்கிறோமா?