திரை தந்த பெயரும் தொகுதி கேட்கும் கணக்கும்

தாமிரபரணி கடலில் கலப்பதற்கு முன் கடந்து செல்லும் கடைசி ஊர்களுள் ஒன்று எங்கள் ஆத்தூர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையால் இவ்வூரைப் பலரும் அறிவர். திருச்செந்தூர் சட்டப்பேரவைத் தொகுதியைச் சேர்ந்த வாக்காளன் என்ற முறையில், திரைத்துறையினர் எவரேனும் அரசியலுக்கு வரும்போதெல்லாம் 2016 தேர்தல்தான் என் நினைவுக்கு வருகிறது. வெற்றிலை விளையும் மண்ணில் இரட்டை இலைச் சின்னத்தோடு அன்று களம் கண்டவர் நடிகர் சரத்குமார்.

அவர் ஒரே நாளில் உயர்ந்தவர் அல்லர். கல்லூரிப் பருவத்திலேயே ஆணழகர் பட்டம் பெற்றவர். 1986-இல் தெலுங்குப் படமொன்றில் அறிமுகமானார். 1990-இல் வெளியான ‘புலன் விசாரணை’யில் வில்லனாகக் கவனம் பெற்று, ‘சூரியன்’ படத்தால் நாயகனாக நிலைபெற்றார். ‘நாட்டாமை’ (1994), ‘சூர்யவம்சம்’ (1997) ஆகிய படங்கள் அவரை ஊருக்கு நீதி சொல்லும் பெரிய மனிதராக மக்கள் மனத்தில் பதித்தன.

அரசியலில் அவருடைய பாதை இவ்வளவு நேராக அமையவில்லை. 1998-இல் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராகத் தோற்றார். 2001-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். 2006-இல் அ.தி.மு.க.வில் இணைந்தார், அடுத்த ஆண்டே அகில இந்திய சமத்துவ மக்கள் கட்சியைத் தொடங்கினார். 2011-இல் தென்காசியில் வென்றவர், ஐந்தாண்டுகளுக்குப் பின் எங்கள் தொகுதிக்கு வந்தார்.

அத்தேர்தலில் அ.தி.மு.க. மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. ஆயினும், திருச்செந்தூரில் சரத்குமார் சுமார் 26 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். வென்றவர் தி.மு.க.வின் அனிதா ராதாகிருஷ்ணன். 2001, 2006 தேர்தல்களில் இதே தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராக வென்ற அவர், கட்சி மாறி 2009 இடைத்தேர்தலிலும், பின்னர் 2011, 2016, 2021 தேர்தல்களிலும் தி.மு.க. சார்பில் வென்றார். சின்னம் மாறியபோதும் வாக்குகள் அவரோடு வந்தன. உள்ளூர்ச் செல்வாக்கு அனைத்தும் நற்பண்பின் விளைவு என்று நான் வாதிடவில்லை. ஆனால், திரைப்புகழால் அதை எளிதில் வெல்ல முடிவதில்லை என்பது கண்கூடு.

இதற்கு மாறாக எம்.ஜி.ஆரைச் சுட்டுவோர் உண்டு. அவர் 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தார், முதலமைச்சரானது 1977-இல். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் சட்டமன்ற மேலவை உறுப்பினர், சட்டப்பேரவை உறுப்பினர், கட்சிப் பொருளாளர் எனப் படிப்படியாக வளர்ந்தார். 1972-இல் தனிக்கட்சி கண்டபோது, ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்கள் கட்சிக் கிளைகளுக்கு அடித்தளமாயின. நாம் அவருடைய படங்களை நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஆண்டுகளை மறந்துவிடுகிறோம். நடிப்பில் நிகரற்ற சிவாஜி கணேசனோ 1988-இல் தனிக்கட்சி தொடங்கி, 1989-இல் திருவையாற்றில் நின்று தோற்றார்.

வடக்கிலும் இதே பாடம்தான். 1984-இல் அலகாபாதில் எச்.என். பகுகுணா என்னும் பெருந்தலைவரை அமிதாப் பச்சன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் வீசிய அனுதாப அலையும் அவ்வெற்றிக்குத் துணை நின்றது. போஃபர்ஸ் சர்ச்சை சூழ்ந்த 1987-இல் அவர் பதவி விலகினார். வாக்கு வாங்கித் தந்த புகழால் அரசியல் நெருக்கடியைத் தாங்க இயலவில்லை.

நடிகர்கள் அரசியலுக்கு வரக்கூடாது என்பதன்று என் கருத்து. எக்குடிமகனுக்கும் உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு. ஆனால், நட்சத்திரத்தைக் காணத் திரளும் கூட்டத்தில் நின்றவர்கள் அனைவரும் அவருடைய வாக்காளர்கள் அல்லர். கைகாட்டி மகிழ்ந்துவிட்டு, வாக்குச்சாவடியில் வேறு கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நம் மக்கள்.

கோடையில் கொடிக்காலுக்குத் தண்ணீர் குறையும்போது விவசாயி ஒரு மனுவோடு யாரையாவது தேடிப் போயாக வேண்டும். திரையில் நாட்டாமை ஒரே காட்சியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். தொகுதியிலோ அந்த மனு அலுவலகம் அலுவலகமாக நகர வேண்டும். அதனோடு நடக்க ஓர் ஆள் வேண்டும். தேர்தலுக்கு மறுநாளும் இங்கே இருப்பீர்களா என்பதே வாக்காளன் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. திரைப்புகழ் இல்லாத வேட்பாளரும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.