எல்லையோர வீடுகளின் பழைய இதழ்கள் எங்கே போய்ச் சேர வேண்டும்?

நிலத்திற்கும் நகைக்கும் உயில் எழுதுவோர் உண்டு. பொழுதுபோக்கு இதழ்களுக்கு எழுதுவோர் அரிது. தாத்தா மாதந்தோறும் வாங்கிக் கட்டிவைத்த அம்புலிமாமாவும் கலைக்கதிரும் முத்து காமிக்சும் பரணில் இருந்தபடியே அடுத்த தலைமுறையின் உடைமையாகின்றன. பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வாங்கியவர் தமிழில் படித்தவர். பேரப்பிள்ளைகளோ மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயின்றவர்களாக இருக்கக்கூடும். படிக்க இயலாத தாளை எடைக்குப் போட அதிக நேரம் ஆகாது.

இந்நிலைக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் பழைய கொச்சி அரசையும், தேவிகுளமும் பீருமேடும் பழைய திருவிதாங்கூரையும் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் கோரிய தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அதன்பின் அங்குள்ள தமிழ் வாசகர் வேறொரு மாநிலத்தில் அச்சாகும் இதழின் வாசகர் ஆனார். அவர் சேர்த்தவற்றைத் தேடிவந்து காக்கும் பொறுப்பு எந்த மாநிலத்து நூலகத்தினுடையது என்ற கேள்விக்குத் தெளிவான விடை அமையவில்லை.

இத்தகைய கட்டுகளின் ஆய்வு மதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தொடங்கிய சிறுவர் இதழ் தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் வெளிவந்தது. பின்னர் மலையாளத்தில் ‘அம்பிளி அம்மாவன்’ ஆயிற்று. கதையும் ஓவியமும் பொது. மொழி மட்டுமே வேறு. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று மூன்றாகப் பிரியும் வினை, மலையாளத்தில் ‘வந்நு’ என்ற ஒரே வடிவில் நிற்கிறது. அவ்வாறு நிற்கும் மொழியில் கதைசொல்லி பாத்திரங்களை எவ்வாறு வேறுபடுத்துகிறார், மரியாதையை எங்கே ஏற்றுகிறார் என்பதை ஒரே கதையின் இரு பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காணலாம். மொழியியலாளர்கள் இணைமொழித் தரவு என்று தேடுவது இதைத்தான். எல்லையோர வீடொன்றில் இவ்விரு பதிப்புகளும் ஒரே கட்டில் கிடந்தால், அக்குடும்பம் இரு மொழிகளிலும் வாசித்தது என்பதற்கும் அக்கட்டே சான்று.

புதிய இடம் தேடும்போது முதலில் சிதைவது இந்தச் சான்றுதான். தமிழ் இதழ்களைச் சென்னைக்கும் மலையாள இதழ்களைத் திருச்சூருக்கும் அனுப்பிவிடலாம். திருச்சூரில் கேரள சாகித்திய அகாதெமியின் பொறுப்பிலுள்ள அப்பன் தம்புரான் நினைவகம் பழைய மலையாளப் பருவ இதழ்களுக்குத் தக்க இடமே. 1972இல் தொடங்கிய முத்து காமிக்சுக்கும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்சுக்கும் இன்றும் ஆர்வலர்கள் உள்ளனர். தனித்தனி இதழாகவே வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு தாளுக்கும் நல்ல வீடு கிடைத்துவிடும். தொகுப்பு என்ற ஒன்று மட்டும் எங்கும் இராது.

இங்கே கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பை நினைவுகூரலாம். விளம்பரப் பலகை ஓவியராக இருந்த அவர் நூல்களோடு இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் இருந்தன. சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது; ஆயினும் கடல் கடத்தவில்லை. தொகுப்பு முழுமையாகச் சென்னைக்கு வந்து, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. அட்டவணைப்படுத்தலும் நுண்படமாக்கலும் இங்கேயே நடந்தன. பிரிக்காமல் வைத்ததும், வாசகர் வாழும் நிலத்திலேயே வைத்ததும் அந்த மாற்றத்தின் இரு அடிப்படைகள். புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயாவும் தனியார் சேகரிப்பு சொந்த ஊரிலேயே ஆய்வாளர்களை வரவழைக்க முடியும் எனக் காட்டுகிறது.

எல்லாத் தொகுப்புக்கும் அந்த வாய்ப்பு அமையாது. நூலகங்களுக்கு இடம் குறைவு. ஏற்கெனவே உள்ள இதழ்களை மீண்டும் ஏற்கத் தயங்குவது இயல்பு. ஆகவே பிரிக்க நேர்ந்தாலும், பிரிப்பதற்கு முன் பட்டியல் எழுதப்பட வேண்டும். இதழின் பெயர், மலர் எண், இதழ் எண், மாதம், ஆண்டு, விடுபட்ட பக்கங்கள், மேலட்டையில் உள்ள கையொப்பம் அல்லது கடை முத்திரை, ஓரக் குறிப்புகள் ஆகியவற்றைக் கட்டு இருந்த வரிசையிலேயே பதிய வேண்டும். சேகரித்தவர் யார், என்ன தொழில் செய்தார், எங்கே வாங்கினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். பட்டியலின் படி இதழ்கள் செல்லும் ஒவ்வொரு நூலகத்திற்கும் செல்லவேண்டும். அப்போது தாள்கள் மூன்று ஊர்களில் இருந்தாலும் அவை ஒரு வீட்டில் இருந்தவை என்ற செய்தி நிலைக்கும்.

காலமும் அதிகமில்லை. மலிவான அச்சுத்தாள் தன் அமிலத்தாலேயே பழுப்பேறி ஒடியும். கம்பித் தையல் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். இடுக்கியின் மழைக்காலம் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். இராமபாணப் பூச்சிக்கு மொழி வேறுபாடு கிடையாது. இவற்றைவிட விரைவாக மறைவது, எந்த இதழ் ஏன் வாங்கப்பட்டது என்று சொல்லக்கூடிய மனிதரின் நினைவு.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழோ மலையாளமோ பயிலும் முதுகலை மாணவர்களுக்கு இது தக்க களப்பணி. உறவினர் வீட்டுப் பரணில் ஒரே ஒரு கட்டு இருந்தாலும் போதும். இரு எழுத்துகளையும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருந்து பட்டியலைத் தொடங்கலாம். எந்த நூலகத்திடம் ஒப்படைப்பது என்பதை அதன்பின் முடிவு செய்துகொள்ளலாம்.