மேற்கோளும் எண்ணிக்கையும்: திருவாய்மொழி வியாக்கியானங்களில் ஆசிரியத்துவமும் செல்வாக்கும்

ஆலங்குளத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்பவர், திருநெல்வேலியைக் கடந்து பொருநைக் கரையோடு மேலும் சென்றால் ஆழ்வார்திருநகரியை அடைவர். நம்மாழ்வார் திருவவதாரத் தலமாகிய அவ்வூர், மணவாள மாமுனிகளின் (1370–1443) வாழ்வோடும் நெருங்கிய தொடர்புடையது. திருநெல்வேலி நகரின் மேற்கே, அபிஷேகப்பட்டியில், 1990-இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கின்றது. இந்நாளைய பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வாளரின் தகுதியை அளக்கும் கருவிகளுள் ஒன்று, அவர் எழுத்தைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்னும் எண்ணிக்கை. இவ்வளவுகோலை நம் உரைமரபின்மேல் வைத்தால் எது தெரியும், எது மறையும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கும் முறை மேனாட்டில் சட்டத்துறையில் வேர்கொண்டது. ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, மறுத்தனவா என்று வழக்கறிஞர் அறியும்பொருட்டு, அமெரிக்காவில் பிராங்க் ஷெப்பர்டு என்பார் 1873-இல் ஒரு தொகுப்பைத் தொடங்கினார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு யூஜின் கார்பீல்டு 1955-இல் அறிவியல் கட்டுரைகளுக்கும் அத்தகைய அட்டவணை வேண்டுமென எழுதினார். 1960-களில் அது நூலாக வெளிவந்தது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன், நூலகப் பணிக்கும் கணித அளவீடு வேண்டுமென 1948-இலேயே உலக அரங்கில் வலியுறுத்தினார். 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர், ஓர் ஆய்வாளரின் எழுத்துகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் இணைத்து ஒற்றை எண்ணாகச் சுருக்கும் முறையை வகுத்தார். ஷெப்பர்டின் தொகுப்பில் ஏற்றதா, மறுத்ததா என்னும் வேறுபாடு குறிக்கப்பட்டது. பின்வந்த ஒற்றை எண்ணில் அவ்வேறுபாடு மறைந்தது. இதனை நினைவில் இருத்துதல் நலம்.

எண்ணுதல் நம் மரபுக்குப் புதிதன்று. திருவாய்மொழி வியாக்கியானங்கள் ஐந்தும் அளவினாலேயே பெயர் பெற்றவை. ஒற்று நீக்கி முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்டது ஒரு படி அல்லது கிரந்தம். அக்கணக்கில் திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி ஏறத்தாழ 1,92,000 எழுத்துகள். வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி ஏறத்தாழ 11,52,000 எழுத்துகள். இடையே நஞ்சீயரின் ஒன்பதினாயிரம், வாதிகேசரி அழகிய மணவாள சீயரின் பன்னீராயிரம், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரம் ஆகியன அமைகின்றன. ஆயினும் இவ்வெண் நூலின் அளவையே குறித்தது. ஆசிரியரின் பெருமையைக் குறித்ததன்று. ஆறாயிரம் சிறியது என்பதால் பிள்ளானுக்குக் குறைவு சொன்னார் எவருமிலர்.

மேற்கோள்களைத் தொகுக்கும் பணியும் நம்மிடம் முன்பே நிகழ்ந்தது. ஈட்டில் வால்மீகி ராமாயணம், விஷ்ணு புராணம், பகவத் கீதை, உபநிடதங்கள், ஆழ்வார்களின் பிற பிரபந்தங்கள், பூர்வாசார்யர்களின் தோத்திரங்கள் ஆகியவற்றினின்று எடுத்த பிரமாணங்கள் நிறைந்துள்ளன. அவை பெரும்பாலும் முழுச் சுலோகமாக வாரா. ஓரடியோ, ஒரு சொற்றொடரோ மட்டும் வரும். கேட்போர் மீதியை அறிவர் என்பது காலக்ஷேப வழக்கு. தலைமுறைகள் கடந்தபின் அவ்வறிவு அருகும் அல்லவா? அக்குறை நீங்க, மாமுனிகள் ஈட்டிற்குப் பிரமாணத் திரட்டு அருளிச்செய்தார். தத்துவத்திரயம், ஸ்ரீவசனபூஷணம், ஞானசாரம், பிரமேயசாரம் ஆகியவற்றுக்கும் அவ்வாறே திரட்டினார். கார்பீல்டின் அட்டவணைக்கு ஐந்து நூற்றாண்டு முற்பட்ட மேற்கோள் தொகுதி இது எனல் மிகையன்று. ஆயினும் இரண்டன் நோக்கும் வேறு. கார்பீல்டின் அட்டவணை, எடுத்தாளப்பட்டவர் பின்னாளில் எங்கெல்லாம் சென்று சேர்ந்தார் என்று காட்டுவது. மாமுனிகளின் திரட்டோ, ஓதுவோனை எடுத்தாண்ட சொல்லின் மூலத்திற்கு மீட்டுக் கொண்டு செல்வது.

இனி ஆசிரியத்துவத்திற்கு வருவோம். ஈட்டின் ஆசிரியர் யார்? நூற்பட்டியல்கள் வடக்குத் திருவீதிப் பிள்ளை என்று குறிக்கும். மரபு கூறும் வரலாறு வேறு நுட்பம் உடையது. திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் உபந்யசித்ததை அவர் சீடராகிய வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவந்தார். அனுமதியின்றி எழுதியதை அறிந்த நம்பிள்ளை ஏடுகளை வாங்கித் தம்மிடம் வைத்துக்கொண்டார். பின்னர் அவை ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் சேர்ந்து, அவர் வழியில் ஓராண் வழியாய் இறங்கித் திருவாய்மொழிப் பிள்ளை வாயிலாக மாமுனிகளை அடைந்தன. மாமுனிகள் தம் உபதேசரத்தினமாலையில் உரைகளையும் உரைகாரரையும் நிரலே போற்றுமிடத்து இவ்வரலாற்றையும் பதிந்துவைத்தார். சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், காத்தவர் பலர் என்று மூன்று நிலைகளையும் மரபு பிரித்தே வைத்தது. ஒரு பெயருக்கு ஒரு கட்டம் மட்டுமே உள்ள இன்றைய அட்டவணையில் இம்மூன்றனுள் இரண்டு விடுபட்டுப்போகும்.

விடுபட்டால் நேரும் பிழை சிறிதன்று. பெரியவாச்சான் பிள்ளையும் நம்பிள்ளையின் சீடர்; ஆசாரியன் நியமனத்தாலேயே இருபத்துநாலாயிரம் எழுதினார். வாதிகேசரி அழகிய மணவாள சீயர் பெரியவாச்சான் பிள்ளையின் சீடர். நஞ்சீயரின் ஒன்பதினாயிரத்திற்கும் ஒரு கதை உண்டு. பட்டோலையைப் படியெடுக்க நம்பிள்ளையிடம் அளித்தார் நஞ்சீயர். அது காவிரி வெள்ளத்தில் போயிற்று. நம்பிள்ளை தம் நினைவினின்றே மீண்டும் எழுதினார். அதில் தாம் எழுதாத நயங்களும் இருக்கக்கண்டு நஞ்சீயர் உகந்தார் என்பர். ஆகவே மரபின் கூற்றுப்படி, ஐந்து உரைகளுள் மூன்றில் நம்பிள்ளையின் கையோ குரலோ நேரே உண்டு. நான்காவதில் அவர் சீடர் வழியாக உண்டு. அவருக்கு முற்பட்ட பிள்ளானின் ஆறாயிரம் ஒன்றே தனித்து நிற்பது.

ஒரு பாசுரத்திற்கு ஒரே ராமாயணச் சுலோகத்தை இருபத்துநாலாயிரமும் ஈடும் எடுத்தாளுமாயின், இரண்டு ஆசிரியர் தனித்தனியே அதனைத் தேர்ந்தனர் என்று கணக்கிடலாமா? ஒரே உபந்யாசத்தைக் கேட்ட இரண்டு செவிகளின் பதிவாகவும் அது இருக்கலாமன்றோ? அவ்வாறாயின் சாட்சி ஒன்று. எண்ணிக்கை மட்டும் இரண்டு. ஐந்து உரைகள் ஐந்து சாட்சிகள் அல்ல. மரபுவழியை அறியாத கணிப்பொறி இதனை அறியாது. குருபரம்பரையை ஓதியவன் அறிவான். அதே பிரமாணம் பிள்ளானிலும் காணப்படுமாயின் அது வேறு எடையுடையது. நம்பிள்ளைக்கு முன்னரே அது இப்பாசுரத்தோடு இணைந்திருந்தது என்று துணியலாம்.

இரண்டாவது, எடுத்தாளுதலின் நோக்கம். எம்பெருமானார் திருவாய்மொழிப் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்டார். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்தை, அன்பைத் தந்தபின் உடலோடு பிணித்துவைத்ததற்கு ஆழ்வார் நொந்துரைத்ததாக ஆண்டான் அருளிச்செய்தார். அத்திருவாய்மொழி முழுவதும் உபகாரத்தை நினைந்து உகக்கும் இடமாதலின், அறியாப் பருவத்திலேயே அன்பை விளைத்த நன்மைக்கு இது நன்றியே என்று எம்பெருமானார் பொருள் கொண்டார். பின்னது நிலைபெற்றது, முன்னதும் நீக்கப்படாமல் உரையில் ஆண்டான் பெயரோடு நின்றது. எண்ணிக்கையில் இருவருக்கும் ஒவ்வொன்று. செல்வாக்கை இதிலிருந்து அறிய இயலுமோ? ஏலாத பொருளையும் அதனைச் சொன்னவர் பெயரோடு காத்த உரைகாரரின் நேர்மையை மட்டும் அறியலாம். அந்நேர்மையும் வரலாற்றாசிரியனுக்குப் பெரும்பேறே.

மூன்றாவது, எழுதாதவர். ஆண்டான் போன்றோர் திருவாய்மொழிக்கு உரை எழுதி வைத்தாரல்லர். ஆளவந்தாரும் எம்பாரும் அவ்வாறே. அவர்தம் நிர்வாகங்கள் பிறர் உரைகளில் எடுத்தாளப்பட்டமையாலேயே நம்மை எட்டின. எழுத்தை மட்டும் எண்ணினால் இவர்கள் பெயருக்கு நேரே சுழியமே நிற்கும். தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இதற்கு நிகர் உண்டு. யாப்பருங்கல விருத்தி முதலிய உரைகளில் எஞ்சிய மேற்கோள்களைக் கொண்டன்றோ இறந்துபட்ட நூல்கள் பலவற்றின் பெயரையும் இயல்பையும் அறிஞர் மீட்டனர்! மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ இப்பணியின் பெருங்கனி. மேற்கோள் இங்கே புகழின் அளவன்று. உயிர் தங்கிய கூடு.

ஆசிரியத்துவத்தின் எல்லையை முன்னோர் எத்துணைக் கூர்மையாய் உணர்ந்தனர் என்பதற்கு ஒரு சான்று போதும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய உரையில் பெரும்பகுதி அழிந்துபோகவே, மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் உரை எழுதி, எஞ்சிய உரை தொடங்குமிடத்தே நிறுத்தினார். முழுமைக்கும் எழுதும் வல்லமை உடையவர், எழுதினாரல்லர்.

ஆதலின் எண்ணுதலை வெறுக்க வேண்டுவதில்லை. எண்ணுமுன் பகுக்க வேண்டும். ஈட்டின் மேற்கோள்களை இனித் தொகுக்கப் புகும் இளம் ஆய்வாளர் ஒவ்வொன்றுக்கும் நான்கு செய்திகளைக் குறித்தல் வேண்டும்: சொன்னவர் யார், ஏட்டில் இட்டவர் யார், எடுத்தாண்டது நிறுவவா, விளக்கவா, வேறுபடவா, மூலத்தின் சொல்லே வந்ததா, பொருள் மட்டும் வந்ததா. புருஷோத்தம நாயுடு ஆக்கிச் சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ஈட்டின் தமிழாக்கம் மணிப்பிரவாள நடையில் பழக்கமில்லாதாருக்கும் இப்பணியின் வாயிலைத் திறந்துவைத்துள்ளது. மாமுனிகளின் திரட்டு அதன் அடிப்படை.

இன்று அச்சாகும் எளிய பதிப்புகள் சிலவற்றில், படிப்போருக்குச் சுமை என்று கருதிப் பிரமாணங்களையும், இன்னார் நிர்வாகம் என்னும் குறிப்புகளையும் நீக்கிப் பொருளை மட்டும் தருகின்றனர். நல்லெண்ணத்தாற் செய்வதே. ஆயினும் அக்குறிப்பு நீங்கிய அன்றே, எழுதாத ஆசாரியர் ஒருவர் இரண்டாம் முறை மறைகின்றார். எண்ணிக்கை தவறினால் திருத்திக்கொள்ளலாம். பெயர் தொலைந்தால் எண்ணுவதற்கே ஒன்றுமில்லை.