கழற்றிப் போட்ட மட்கார்டு

மவுண்டன் பைக் பிறந்ததே ஒரிஜினல் பார்ட்ஸைக் கழற்றி எறிந்ததில்தான் என்றால் நம்புவீர்களா?

1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் 1930, 40களில் வந்த ஷ்வின் எக்ஸெல்சியர் சைக்கிள்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் காலி. எடை குறைய வேண்டுமே! அதில் ஏறி மலை மண்பாதையில் சர்ரென்று இறங்கினார்கள். 1976 அக்டோபரில் அதுவே ரேஸ் ஆனது. பெயர் 'ரீபேக்'. கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக் சூடாகி கிரீஸ் புகைந்துவிடும். ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்புறம் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர் வந்தது, கியர் வந்தது. 1977ல் ஜோ பிரீஸ் ஃபிரேமையே புதிதாகச் செய்தார். 1981ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது.

அதை வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை, மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இன்று கலெக்டர்கள் தேடுவதோ மாற்றாத வண்டியை! போட்ட காசு முழுசாகத் திரும்பாது (காமர்ஸ் புத்தி, மன்னிக்கவும்). விவரமானவர்கள் பழைய பார்ட்ஸை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்து, விற்கும்போது திரும்ப மாட்டிவிட்டு, புதுசைத் தனியாக விற்கிறார்கள்.

ஆனால் ரீபேக்கில் ஓடிய எக்ஸெல்சியர் கையில் கிடைத்தால்? அதற்கு மட்கார்டைத் தேடிப்பிடித்து மாட்டினால் வெறும் பழைய ஷ்வின்தான் மிஞ்சும். அந்த வண்டிக்கு மட்கார்டு இல்லாததுதான் ஒரிஜினல்.