பழைய இசைத்தட்டை ஒலிக்கச் செய்வதும் பதிப்புப் பணியே

சென்ற மாதம் கொல்கத்தாவின் மிர்சா காலிப் தெருவில், பழைய இசைத்தட்டுகள் விற்கும் சிறு கடையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். அடுக்கின் அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தூசி தட்டிய கடைக்காரர், "இது செத்த தட்டு, தாதா. சத்தமே வராது. சுவரில் மாட்டிவைக்கலாம்" என்றார். தட்டின் நடுவில் காகித லேபிள் இல்லை. பொறித்த எழுத்துகள் மட்டும் இருந்தன. பாத்தே நிறுவனத்தின் பெயர் தெரிந்தது. விலை குறைவாக இருந்ததால் வாங்கி வந்தேன்.

அத்தட்டு பிறகு பேசியது. ஆனால் அது பேசுவதற்கு முன் டர்ன்டேபிளின் டோன் ஆர்மையும் கார்ட்ரிட்ஜையும் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டியிருந்தது. இசை வரலாற்றில் ஈடுபாடுள்ள நண்பர்களுக்காக அந்த அனுபவத்தை ஒட்டிச் சிலவற்றை எழுதிவைக்க விரும்புகிறேன். ஓலைச்சுவடியைப் படித்து அச்சேற்றுபவரை நாம் பதிப்பாசிரியர் என்கிறோம். பழைய தட்டின் மேல் ஊசியை வைப்பவரும் அதே பணியைத்தான் செய்கிறார். அவர் கை பிசகினால் பாடம் பிசகும்.

முதலில் சிறிது பின்னணி. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கிராமபோன் நிறுவனத்துக்காகப் பாடகர்களின் குரல்களைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் அப்போது பாடியவர்களுள் ஒருவர். பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அவர் அறிவிக்கும் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அந்தப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, தட்டுகளாக அச்சாகி, கப்பலில் திரும்பி வந்தன. 1908இல் சியால்தாவில் ஆலை தொடங்கிய பின்னரே இங்கேயே தட்டுகள் உருவாயின. தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. சோட்டாநாக்பூர் காடுகளில் திரட்டிய அரக்கு கடல் கடந்து சென்று பாட்டாகத் திரும்பிய காலம் அது. அதே நகரில் 'குந்தலீன்' கூந்தல் தைலம் விற்ற ஹேமேந்திர மோகன் போஸ் முதலில் உருளைப் பதிவுகளையும், பின்னர் பாத்தே நிறுவனத்தின் துணையோடு தட்டுகளையும் வெளியிட்டார். ரவீந்திரநாத் தாகூரின் குரலைப் பதிவு செய்தவரும் அவரே.

இத்தட்டுகள் பிறந்த காலத்தின் கருவிகள் முரட்டுத்தனமானவை. தொடக்ககால கிராமபோனில் ஒலிப்பெட்டியும் கூம்புக் குழலும் ஒன்றாகத் தட்டின் மேல் ஏறி அமர்ந்தன. அமெரிக்காவில் எல்ட்ரிட்ஜ் ஜான்சனின் விக்டர் நிறுவனம் கூம்பின் பாரத்தைத் தனியே தாங்கி நிறுத்தி, உள்ளீடற்ற குழல் ஒன்றின் வழியே ஒலியைக் கடத்தியது. டோன் ஆர்ம் என்ற சொல் அந்தக் குழலுக்கு உரியது. அதன் பிறகும் ஊசியின் மேல் 100 கிராமுக்குக் குறையாத எடை அழுத்தியது. தட்டின் அரக்கில் கலந்திருந்த கல்தூள் எஃகு ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்குப் பொருந்த வடிவமைத்துக்கொண்டது. ஆகவேதான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதியாக இருந்தது. ஊசிக்குக் காசு மிச்சம் பிடித்த வீடுகளில் தட்டு தேய்ந்தது. இன்று அலங்காரத்துக்கு வாங்கிய கூம்பு கிராமபோனில் அரிய தட்டுகளை ஓட்டிக் காட்டும் அன்பர்களை இதன்பொருட்டே வேண்டிக்கொள்கிறேன்: தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இனிப் பொருத்தும் முறை. பதிவு செய்யும் இயந்திரத்தின் வெட்டுமுனை, விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. ஒரு மூலையில் அச்சில் திரும்பும் டோன் ஆர்மோ வில்போல் வளைந்து நகர்கிறது. எனவே ஊசி பள்ளத்தோடு சரியாக ஒத்துப்போகும் இடங்கள் சிலவே. 1924இல் இங்கிலாந்தின் 'தி கிராமபோன்' இதழில் பெர்சி வில்சன் இச்சிக்கலை எழுதினார். 1938இல் லோஃப்கிரனும் 1941இல் பேர்வால்டும் இதைக் கணிதமாக்கினர். ஆர்மின் தலையைச் சற்று உள்நோக்கி வளைத்து, ஊசிமுனை தட்டின் நடு அச்சைச் சிறிது தாண்டும்படி வைத்தால் பிழை மிகக் குறையும். எல்பி தட்டுகளுக்கு இன்று பரவலாக வழங்கும் கணக்கில், மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு தொலைவுகளில் ஊசி பள்ளத்துக்கு முற்றிலும் இணையாக நிற்கும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். கார்ட்ரிட்ஜை இரண்டு திருகுகளால் தலைப்பகுதியில் தளர்வாக மாட்ட வேண்டும். நான்கு மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து இணைக்க வேண்டும்: வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். பின்புறத்து எதிர் எடையை நகர்த்தி, ஆர்ம் தராசுக்கோல்போல் காற்றில் சமமாக மிதக்கும் நிலையைக் கண்டு, அங்கிருந்து எடையை ஏற்ற வேண்டும். அரக்குத் தட்டுக்கு 3 முதல் 5 கிராம் போதும். பிறகு அளவு அட்டையில் ஊசியை வைத்து, கார்ட்ரிட்ஜை முன்னும் பின்னும் நகர்த்திக் கோணம் பார்த்து, திருகுகளை இறுக்க வேண்டும். இறுக்கும்போது கோணம் மாறிவிடும். மறுபடி பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு உகந்த வேலை அன்று இது.

ஊசியின் பருமன் அடுத்த கேள்வி. எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 சுற்றுத் தட்டுக்குரியது சுமார் 76 மைக்ரான். எல்பி ஊசியைப் பழைய தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையை வாசிக்கும். அனுபவமுள்ளோர் வெவ்வேறு பருமனுள்ள ஊசிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பர். பழைய எஃகு ஊசிகள் தேய்த்த உயரத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ தேயாத சுவர் எஞ்சியிருக்கும். அங்கே அமரும் ஊசிக்கு, நூறாண்டுக்கு முந்திய குரல் ஓரளவு புதிதாகவே கிடைக்கும்.

மிகப் பெரிய பிழை வேகத்தில் நேர்கிறது. '78' என்பது பிற்காலத்து உடன்பாடு. தொடக்ககாலத் தட்டுகள் 70 முதல் 80 சுற்று வரை பலவாறாகப் பதிவாயின. 70 சுற்றில் பதிவான பாட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒரு முழுச் சுரம் உயர்ந்துவிடும், தாளமும் விரையும். அத்தகைய ஒலிக்கோப்பை வைத்துக்கொண்டு, "அக்காலத்துப் பாடகியர் இவ்வளவு உச்ச சுருதியில் பாடினர், இவ்வளவு துரிதமாகப் பாடினர்" என்று கட்டுரை எழுதினால், அது பாடகியைப் பற்றிய ஆய்வாகாது. மோட்டாரைப் பற்றிய ஆய்வாகும். இத்தகைய முடிவுகளைக் கருத்தரங்குகளில் நான் கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில் நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

வேகத்தை அளக்க எளிய வழியுண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குமிழ் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். 77 கோடுகள் வரைந்த வட்ட அட்டையை அவ்வொளியில் சுழற்றும்போது கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92. எல்இடி விளக்குகள் பலவற்றில் இது சரிவரத் தெரியாது. ஆனால் இது நம் இயந்திரத்தின் வேகத்தைத்தான் சொல்லும். பதிவான வேகத்தைச் சொல்லாது. அதற்குப் பாட்டின் உள்ளேதான் சான்று தேட வேண்டும். உடன் ஒலிக்கும் ஹார்மோனியம் ஒரு துப்பு. ஆனால் அந்நாளைய ஹார்மோனியங்கள் எல்லாம் ஒரே சுருதியில் அமைந்தவை அல்ல. அறிவிப்புக் குரலின் இயல்பு இன்னொரு துப்பு. இவற்றைக் கொண்டு நாம் எட்டுவது ஓர் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே குறித்துவைப்பதுதான் பதிப்பு நேர்மை.

இனி அந்தச் 'செத்த தட்டு'க்கு வருகிறேன். கிராமபோன் நிறுவனத்தின் தட்டுகளில் ஒலி, பள்ளத்தின் பக்கவாட்டு நெளிவாகப் பதிந்திருக்கும். பாத்தேயின் தட்டுகளிலோ அது மேடும் பள்ளமுமாக, மேல்கீழாகப் பதிந்திருக்கும். பழைய பாத்தே தட்டுகள் நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும். வேகமும் ஏறத்தாழ 90 சுற்று. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரு பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்பது 78 சுற்றுத் தட்டுகளுக்கு நாம் வழக்கமாகச் செய்வது. அதில் பக்கவாட்டு ஒலி வலுப்பெறும். மேல்கீழ் அசைவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சாதாரணத் தட்டில் இரைச்சலைக் குறைக்கும் அதே ஏற்பாடு, பாத்தே தட்டில் பாட்டையே குறைத்துவிடுகிறது. முதல் நாள் நான் கேட்டது வெறும் மணல் சரியும் ஓசை.

மறுநாள் சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் இடம் மாற்றி மாட்டினேன். பருத்த ஊசி ஒன்றைப் பொருத்தி, வேகத்தைக் கூட்டி, நடுவில் ஊசியை இறக்கினேன். ஒரு பெண் வங்காளத்தில் பாடினார். யார் என்று பொறித்த எழுத்திலிருந்து இன்னும் படித்தறிய முடியவில்லை. நூறாண்டுக் காலமாக ஊமை என்று ஒதுக்கப்பட்ட தட்டுக்குத் தேவைப்பட்டது இரண்டு கம்பிகளின் இடமாற்றம் மட்டுமே.

வீடுகளிலும் சேகரிப்புகளிலும் தட்டுகளை வைத்திருப்போர் பலர் இப்போது அவற்றை ஒலிக்கோப்புகளாக மாற்றி வருகின்றனர். நல்ல பணி. ஒவ்வொரு கோப்போடும் ஐந்து குறிப்புகளைச் சேர்த்து எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: ஊசியின் பருமன், ஊசியின் எடை, சுழன்ற வேகம், கம்பி இணைப்பு முறை, கருவியில் ஒலித்திருத்தம் ஏதும் இருந்ததா என்பது. எல்பிகளுக்காக 1954இல் நிலைபெற்ற ஒலித்திருத்தம், கூம்பின் முன் நின்று பாடிப் பதிவான குரலுக்குப் பொருந்தாது. கீழ்ச்சுரங்களை ஊதிப் பெரிதாக்கும், மேலோசைகளை மழுக்கும். எந்தச் சுவடியைக் கொண்டு, எந்தப் பாடத்தை ஏற்றோம் என்று சொல்லாத பதிப்பை நாம் நம்புவதில்லை. ஒலிக்கும் அதே அளவுகோல் வேண்டும்.

தட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒலி வரவில்லை என்றால் முதலில் ஊசியைச் சந்தேகியுங்கள்.